தாளைப் பேச வைக்கும் இரு குரல்கள்

பத்துப் பக்க அறிக்கை ஒன்றைக் கணிப்பொறியிடம் கொடுக்கிறோம். சில நிமிடங்கள் கழித்து, ஆணும் பெண்ணுமாக இரண்டு குரல்கள் அந்த அறிக்கையைப் பற்றி உரையாடத் தொடங்குகின்றன. ஒருவர் விளக்குகிறார், மற்றவர் வியக்கிறார். இடையிடையே சிரிப்பு வருகிறது. "ம்ம்", "அப்படியா!" என்ற ஒலிகள் வருகின்றன. ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் வாங்கி முடித்து வைக்கிறார். கேட்பவருக்கு, வானொலி நிலையத்தில் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசுவது போலவே தோன்றும். உண்மையில் அங்கே யாரும் இல்லை.

கூகுள் நிறுவனம் தனது நோட்புக்எல்எம் என்ற சாதனத்தில் இந்த வசதியை 2024 செப்டம்பரில் சேர்த்தது. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இது கிடைத்தது. 2025 ஏப்ரலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று. இப்போது ஆங்கில அறிக்கையைக் கொடுத்துத் தமிழ் உரையாடலைப் பெறலாம். எவ்வாறு பேச வேண்டும், யாருக்காகப் பேச வேண்டும், எதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நாம் ஒரு குறிப்பும் எழுதித் தரலாம். இக்குறிப்பைப் 'பிராம்ப்ட்' என்பார்கள். நாம் இங்கே 'கட்டளைக் குறிப்பு' என்றே வழங்குவோம்.

நூலுக்கும் நாடகத்துக்கும் மதிப்புரை எழுதுகிறோம். அவ்வாறே இந்த உரையாடலையும் ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு உரிய களமாக நீலகிரியை எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

மலையும் தாள்களும்

நீலகிரி சிறிய மாவட்டம். ஆனால் அங்கு உள்ள ஆய்வு நிலையங்களோ பல. குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசியின் தலைமையகம் இருக்கிறது. தேயிலை வாரியத்தின் அலுவலகமும் பாஸ்டர் ஆய்வு நிலையமும் அதே ஊரில் இருக்கின்றன. வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நடைபெறுகிறது. உதகமண்டலத்தில் மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் உள்ளது. முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இந்நிலையங்களிலிருந்து வெளிவரும் ஆய்வறிக்கைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை.

அவ்வறிக்கைகளின் பயனை அடைய வேண்டியவர்கள் யார்? ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்துப் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குப் போடும் சிறு விவசாயிகள், கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோர், தோட்டத் தொழிலாளர்கள். இவர்களில் பலருக்கு ஆங்கில அறிக்கை எட்டாத பொருள். கொழுந்து பறிக்கும்போது இரண்டு கைகளுக்கும் வேலை உண்டு. காது மட்டும் ஓய்வாக இருக்கிறது. அந்தக் காதுக்குத் தமிழில், பேச்சு நடையில், அறிக்கையின் சாரத்தைக் கொண்டு சேர்க்க ஒரு கருவி கிடைத்தால் அது பெரிய உதவி அல்லவா?

உதவிதான். இதில் ஐயமில்லை. ஆனால், காதுக்கு இனிமையாக வந்து சேர்வது அறிக்கையின் சாரம்தானா என்பதை நாம் பார்க்க வேண்டும். அதற்கு முன், கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது.

உரையாடல் உருவாகும் விதம்

மெட்டா நிறுவனம் 2024 அக்டோபரில் நோட்புக்லாமா என்ற பெயரில் இதே வகைச் செய்முறை ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அதைப் படித்தால் திரைக்குப் பின்னால் நடப்பது விளங்கும். வேலை நான்கு படிகளாக நடக்கிறது.

முதற்படியில், ஒரு சிறிய மொழி மாதிரி ஆவணத்தைத் துப்புரவு செய்கிறது. பக்க எண்கள், உடைந்த வரிகள், தேவையற்ற குறிகள் ஆகியவை நீக்கப்படுகின்றன. இரண்டாம் படியில், பெரிய மொழி மாதிரி ஒன்று அந்த எழுத்தைக் கொண்டு இருவர் உரையாடலை எழுதுகிறது. மூன்றாம் படியில், வேறொரு மாதிரி அவ்வுரையாடலை இன்னும் நாடகத்தன்மையுடன் திருத்தி எழுதுகிறது. நான்காம் படியில், எழுதிய உரையாடல் குரலாக மாற்றப்படுகிறது.

இந்தச் செய்முறையில் தரப்பட்டுள்ள கட்டளைக் குறிப்புகள் கவனிக்கத் தக்கவை. முதல் பேச்சாளர் உவமைகளும் கதைகளும் சொல்லிக் கற்பிப்பவராக இருக்க வேண்டும். இரண்டாம் பேச்சாளர் பொருளுக்குப் புதியவராக இருந்து, தொடர்கேள்விகள் கேட்க வேண்டும். மிகுந்த உற்சாகமோ குழப்பமோ காட்ட வேண்டும். விளக்கத்தின் நடுவே குறுக்கிட வேண்டும். "ம்ம்" போன்ற ஒலிகளை இடையிடையே சேர்க்க வேண்டும். இரண்டாமவரின் வியப்பு கட்டளையால் பிறந்த வியப்பு என்பது இதனால் தெளிவாகிறது.

குரலின் கதையும் இதைப் போன்றதே. கூகுளின் டீப்மைண்ட் பிரிவு 2024 அக்டோபரில் தன் முறையை விளக்கி எழுதியது. பல லட்சம் மணி நேரப் பேச்சைக் கொண்டு மாதிரிக்கு முதலில் பயிற்சி தரப்படுகிறது. பிறகு, குரல் நடிகர்கள் எழுத்துப்படி இல்லாமல் இயல்பாகப் பேசிய உரையாடல்களைக் கொண்டு அது மெருகேற்றப்படுகிறது. தயக்கமும் இழுப்பும் எங்கே வர வேண்டும் என்பதை மாதிரி அங்கேதான் கற்கிறது. இரண்டு நிமிட உரையாடலின் ஒலியை உண்டாக்க மூன்று விநாடிகூட ஆவதில்லை. மனிதன் தயங்குவது, அடுத்த சொல்லைத் தேடும்போது. இங்கே எல்லாச் சொற்களும் முன்பே எழுதப்பட்டுவிட்டன. தயக்கம் பிறகு சேர்க்கப்படுகிறது.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. நாடகத்திலும் வசனம் முன்பே எழுதப்பட்டதுதான். ஆனால் கேட்பவர் மனம், தயங்கிப் பேசுகிறவரை யோசித்துப் பேசுகிறவராக எடுத்துக்கொள்ளும் பழக்கமுடையது. யோசித்துப் பேசுகிறவர் சொல்லை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இரண்டாம் குரலின் வேலை

இருவர் பேச்சாக ஒரு செய்தியைச் சொல்வது நமக்குப் புதிதல்ல. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் கதையைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தின் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள், அந்த "ஆமா" வெறும் தாளம் அல்ல என்பதை அறிவார்கள். கூட்டத்தில் யாருக்காவது புரியாமல் போயிருக்குமோ என்ற இடத்தில் பக்கத்தில் இருப்பவர் கேள்வி போடுவார்; சில வேளை கேலியும் செய்வார். அவர் முகம் கதை சொல்பவரை நோக்கியிருந்தாலும், அவர் கூட்டத்தின் ஆள்.

அறிவியல் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. கலிலியோ தம்முடைய புகழ் பெற்ற 'உரையாடல்' நூலை 1632-ல் வெளியிட்டார். அறிஞர் மொழியான லத்தீனை விட்டு, மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை மூவர் விவாதிக்கிறார்கள். அவர்களுள் சிம்ப்ளிசியோ என்பவர் பழைய கொள்கையின் சார்பில் இறுதி வரை மறுப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் தோற்பவர்தான். ஆயினும் அவர் கிளப்பும் மறுப்புகளுக்கு விடை சொல்ல நேர்வதால்தான் புதிய கொள்கையின் வலிமை படிப்பவருக்கு விளங்குகிறது.

நம் நாட்டு வானொலிக்கு வருவோம். 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை தமிழ்நாட்டில் உண்டு. 1960-களில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் பரவியபோது, திருச்சி வானொலியின் பங்கு காரணமாக அதற்கு 'ரேடியோ நெல்' என்ற பெயரே ஏற்பட்டது. அந்நிகழ்ச்சிகளில் வேளாண் அலுவலர் ஒருவரும் விவசாயி ஒருவரும் பேசிக்கொள்வது வழக்கம். விவசாயி கேட்கும் கேள்வி வயலிலிருந்து வரும். "தண்ணீர் அவ்வளவு கிடைக்காதுங்களே, என்ன செய்யறது?" என்று அவர் கேட்டால், அலுவலர் தாளில் இல்லாத ஒன்றுக்குப் பதில் தேட வேண்டியதாகும்.

இம்மூன்று எடுத்துக்காட்டுகளிலும் இரண்டாம் குரலுக்கு ஒரே வேலை: முதல் குரலுக்குத் தெரியாத இடத்திலிருந்து கேள்வி கொண்டுவருவது. கணிப்பொறியின் இரண்டாம் குரலிடம் நாம் காணும் முதற்குறை இதுவே. அது வேறெங்கிருந்தும் வருவதில்லை. முதல் குரல் படித்த அதே தாளிலிருந்துதான் அதுவும் பிறக்கிறது. தாள் விடை தரும் கேள்விகளை மட்டுமே அது பெரும்பாலும் கேட்கிறது. விடை கிடைத்ததும் வியக்கிறது.

இதன் எல்லையை 2024 அக்டோபரில் ஒருவர் வேடிக்கையாகச் சோதித்துக் காட்டினார். இரண்டு கொச்சைச் சொற்களை மட்டும் திரும்பத் திரும்ப எழுதி ஆவணமாகக் கொடுத்தார். இரு குரல்களும் சளைக்கவில்லை. அந்த ஆவணத்தின் துணிச்சலையும், அதற்குள் பொதிந்திருக்கக் கூடிய பொருளையும் அக்கறையோடு ஆராய்ந்து பேசின. இணையத்தில் பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நாம் சிரித்துவிட்டுச் சிறிது சிந்திக்கவும் வேண்டும். மோசமான ஆவணத்துக்கும் நல்ல ஆவணத்துக்கும் ஒரே அளவு மரியாதை தரும் உரையாடலைக் கேட்டு, எந்த ஆவணம் நல்லது என்று கேட்பவர் எப்படிக் கண்டறிவார்?

கொப்புள நோயும் "அடடா!"வும்

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். தேயிலையைத் தாக்கும் கொப்புள நோய் ஒரு பூசணத்தால் வருவது. எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்பது அதன் பெயர். தென்னிந்தியாவுக்கு இந்நோய் 1946-ல் வந்து சேர்ந்தது. மூடுபனியும் தூறலும் விடாத நாட்களில், இலையின் மேல் ஈரம் தங்கியிருக்கும்போது இது பரவும். நல்ல வெயில் இதற்குப் பகை. இளந்தளிரை மட்டுமே தாக்கும். தேயிலையில் நாம் பறிப்பதும் அந்த இளந்தளிரைத்தான். ஆகவே மருந்து எப்போது, எவ்வளவு, என்ன இடைவெளியில் தெளிப்பது, தெளித்த எத்தனை நாளுக்குப் பின் கொழுந்து பறிப்பது என்ற நான்கும் சேர்ந்தால்தான் துண்டறிக்கை முழுமை பெறும். இவற்றில் ஒன்று விட்டாலும் நோய் அடங்காது. அல்லது மருந்தின் எச்சம் தேநீர்க் கோப்பை வரை போகும்.

இத்தகைய துண்டறிக்கையிலிருந்து பிறக்கும் உரையாடல் எப்படி இருக்கும்? அவ்வகைப் பேச்சின் போக்கைக் காட்ட நாமே எழுதிய மாதிரி இது:

"கொப்புள நோய்ங்கறது மலைத் தோட்டங்களுக்கு ஒரு பெரிய சவால், இல்லையா?"

"ஆமாம்! ஆனா இதுல சுவாரசியம் என்னன்னா, சரியான நேரத்துல தெளிச்சா நல்லாவே கட்டுப்படுத்திடலாம்."

"அடடா! அப்போ நேரம்தான் எல்லாமே."

"ரொம்பச் சரி. நேரம்தான் எல்லாமே."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விவசாயியின் கைக்கு என்ன கிடைத்தது? அளவு போயிற்று, இடைவெளி போயிற்று, பறிப்பதற்கான காத்திருப்பு போயிற்று. எஞ்சியது "நேரம்தான் எல்லாமே" என்ற ஒரு வரி. அது நினைவிலும் நிற்கும், அதுவே ஆபத்து. கட்டுரையிலிருந்து உரையாடலுக்கு வரும் வழியில் முதலில் உதிர்பவை எண்களும் நிபந்தனைகளுமே. பேச்சில் அவை தடங்கலாகத் தோன்றும். பேச்சு சுவையாக ஓட வேண்டும் என்று கட்டளைக் குறிப்பு கேட்கிறது.

இப்போது உண்மையான விவசாயி ஒருவர் கேட்கக் கூடிய கேள்வியைப் பாருங்கள்: "சார், நேத்து சாயங்காலம் அடிச்சேன். ராத்திரி மழை கொட்டிடுச்சு. திருப்பி அடிக்கணுமா? நாளான்னிக்கு ரவுண்டு, கொழுந்து எடுக்கலாமா?" தாளில் இக்கேள்விக்கு நேரான விடை இல்லாமல் இருக்கலாம். நல்ல அலுவலர் விடை சொல்வார். அல்லது "கேட்டுச் சொல்கிறேன்" என்பார். கணிப்பொறியின் இரண்டாம் குரல் இக்கேள்வியைக் கேட்கவே கேட்காது. அது ஒரு நாளும் மழையில் நனைந்ததில்லை.

"இருக்கலாம்" என்ற சொல்

எண்களைப் போலவே உதிர்ந்துவிடும் இன்னொன்று ஐயம். விஞ்ஞானி எழுதும் அறிக்கையில் "இருக்கலாம்", "வாய்ப்பு மிகுதி", "மேலும் ஆராய வேண்டும்" என்ற சொற்கள் அடிக்கடி வரும். அவை அலங்காரமல்ல, எவ்வளவு நம்பலாம் என்பதற்கான அளவுகோல்கள்.

நீலகிரியில் இச்சொற்களின் எடை அதிகம். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மாவட்டத்தின் பல இடங்களில் நிலம் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன் 1978, 1979-ம் ஆண்டுகளிலும் பெரிய சரிவுகள் நேர்ந்தன. அவற்றையடுத்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை சரிவுகளின் அபாயத்தை ஆராய்ந்து வரைபடங்கள் தயாரித்துள்ளது. 2020-ம் ஆண்டுப் பருவமழையிலிருந்து நீலகிரி, டார்ஜிலிங் மாவட்டங்களுக்காக நிலச்சரிவு முன்னறிவிப்புகளைச் சோதனை முறையில் தயாரித்து மாவட்ட நிர்வாகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது.

இவ்வகை முன்னறிவிப்பு, எந்தச் சரிவு எந்த மணிக்கு இடியும் என்று சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. இன்ன பகுதியில் வாய்ப்பு குறைவு, நடுத்தரம், மிகுதி என்று தரப்படுத்தும். "குறைவு" என்பதற்கு "இல்லை" என்று பொருளாகாது. இதை இரு குரல்கள் உற்சாகமாகப் பேசினால் என்ன ஆகும்? "அப்போ இந்தப் பக்கம் கவலை இல்லைன்னு சொல்லலாம்" என்று ஒரு குரல் முடித்து வைத்தால், மறு குரல் "ஆமாம்" என்றால், மண் சரிவின் கீழே வீடு கட்டியிருப்பவர் அன்றிரவு நிம்மதியாகப் படுத்துவிடுவார். அதே அறிக்கை "ஐயோ, பெரிய அபாயம்!" என்று நாடகமாக்கப்பட்டு, எதுவும் நேராமல் போனால், அடுத்த முறை எச்சரிக்கையை ஒருவரும் மதிக்கமாட்டார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு குரல் வேண்டும். அந்தத் தொனியில் சுவை குறைவு. ஆனால் மலையில் வாழ்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

தாளின் வயது

மூன்றாவது குறை காலத்தைப் பற்றியது. குரல்கள் எப்போதும் இன்றைக்குப் பேசுகின்றன. தாள் என்றைக்கோ எழுதப்பட்டது.

பழைய பயிர்ப் பாதுகாப்புத் துண்டறிக்கை ஒன்றில் என்டோசல்ஃபான் தெளிக்கும்படி எழுதியிருக்கலாம். அது எழுதிய நாளில் சரியானதே. அம்மருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. தேயிலைக்கு எந்தெந்த மருந்துகள் அனுமதிக்கப்பட்டவை என்ற பட்டியலைத் தேயிலை வாரியமும் அவ்வப்போது திருத்தி வெளியிடுகிறது. அச்சிட்ட தாளில் மஞ்சள் பூத்த காகிதமும் மூலையில் உள்ள ஆண்டும் நம்மை எச்சரிக்கும். குரலில் மஞ்சள் நிறம் தெரியாது.

மக்களைப் பற்றிய நூல்களில் இக்குறை வேறு வகையில் தோன்றும். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் 1901, 1902-ல் நீலகிரியில் தங்கித் தோடர்களை ஆராய்ந்து, 1906-ல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் ஒரே செய்தியைப் பலரிடம் தனித்தனியே விசாரித்ததையும், விடைகள் மாறுபட்ட இடங்களையும் குறித்து வைத்திருக்கிறார். அந்நூலைக் கணிப்பொறிக்குக் கொடுத்து உரையாடல் செய்தால், "தோடர்கள் இப்படிச் செய்கிறார்கள்" என்று நிகழ்காலத்தில் பேச்சு தொடங்கிவிட வழியுண்டு. ரிவர்ஸின் ஐயங்களும் மறையும். இடையில் ஓடிய நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளும் மறையும். இன்று உதகையில் கல்லூரிக்குப் போகும் தோடர் இளைஞர் அதைக் கேட்டால், தம்மைப் பற்றி யாரோ இருவர் தம்மைக் கேட்காமலே வியந்து பேசுவதைத்தான் கேட்பார்.

இங்கு மொழியின் சிக்கலும் இருக்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் நீலகிரியின் சிற்றூர்களில் படுகு, தோடா, கோத்தா, குறும்பர், இருளர் மொழிகள் பேசப்படுகின்றன. எழுத்தும் ஒலிப்பதிவும் குவிந்து கிடக்கும் மொழிகளையே இயந்திரம் எளிதில் கற்கிறது. சில ஆயிரம் பேரோ அதற்கும் குறைவானவர்களோ பேசும் மொழிக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆகலாம். அதுவரை அம்மொழிகளில் பேச மனிதர்தான் வேண்டும். உதகமண்டலம் வானொலி நிலையமும், கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் சமுதாய வானொலியும் மலைவாழ் மக்களின் மொழிகளில் நிகழ்ச்சிகள் தரும் பணியைச் செய்துவருகின்றன. அந்தப் பணி, புதிய கருவி வந்ததால் தேவையற்றதாகிவிடவில்லை.

கருவியின் பக்கத்து நியாயம்

இதுவரை குறைகளையே சொன்னோம். நிறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பார்வையற்றவர்களுக்கும், எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களுக்கும், ஆங்கிலம் தடையாக நிற்பவர்களுக்கும் இக்கருவி ஒரு கதவைத் திறக்கிறது. அறிக்கை ஒன்று இருப்பதையே அறியாத ஒருவர், பத்து நிமிடம் கேட்டபின் அதைத் தேடிப் போகலாம். ஒரு பள்ளி ஆசிரியர் மண் அரிப்பைப் பற்றிய அறிக்கையை வகுப்பில் இவ்வாறு ஒலிக்க வைத்து, பாடத்தைத் தொடங்கலாம். வானொலி நிகழ்ச்சி தயாரிக்க ஒலிக்கூடமும் ஆட்களும் நாட்களும் வேண்டும். இங்கே அவை எதுவும் வேண்டியதில்லை.

குறைகளைத் தயாரிப்பாளர்களும் அறியாமல் இல்லை. தொடங்கிய நாளிலேயே, உரையாடலில் தவறுகள் இருக்கக் கூடும் என்று கூகுள் எச்சரித்தது. 2024 டிசம்பரில், கேட்பவர் இடையில் புகுந்து கேள்வி கேட்கும் வசதி வந்தது. 2025-ல், இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்று வாதிடும் வடிவமும், ஆவணத்தை விமர்சிக்கும் வடிவமும் சேர்ந்தன. இவை நல்ல முன்னேற்றங்களே. எனினும் வாதமும் அதே தாளுக்குள்தான் நடக்கிறது. தாளில் இல்லாத மழையைப் பற்றி இரு கட்சிகளும் வாதிடப் போவதில்லை.

நல்ல கட்டளைக் குறிப்பு

கட்டளைக் குறிப்பை நாமே எழுதலாம் என்பதால், குறைகளில் ஒரு பகுதியை நாமே நீக்கிக்கொள்ளவும் இயலும். "சுவையாகப் பேசு" என்று மட்டும் எழுதினால் சுவைதான் கிடைக்கும். பயன் வேண்டுவோர் ஐந்து செய்திகளையாவது குறிப்பில் சேர்க்க வேண்டும்.

ஒன்று, ஆவணம் எந்த ஆண்டில், யாரால் வெளியிடப்பட்டது என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இரண்டு, அளவு, நாள், இடைவெளி ஆகிய எண்களை ஆவணத்தில் உள்ளபடியே இருமுறை படிக்க வேண்டும். மூன்று, "இருக்கலாம்" என்று எழுதியிருப்பதை "இருக்கிறது" என்று மாற்றக் கூடாது. நான்கு, இரண்டாம் குரல் வியக்க வேண்டியதில்லை; நாம் எழுதித் தரும் கேள்விகளைக் கேட்க வேண்டும். விடை ஆவணத்தில் இல்லையென்றால், முதல் குரல் "இது ஆவணத்தில் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐந்து, முடிவில், யாரிடம் கேட்டுத் தெளியலாம் என்று கூற வேண்டும்.

நான்காவதே மற்றவற்றைவிட முக்கியமானது. கேள்விகளை யார் எழுதித் தருவது? தோட்டத்திலும் தொழிற்சாலை வாசலிலும் நாலு பேரிடம் கேட்டு எழுதினால், அவர்களுடைய மழையும் அவர்களுடைய சரிவும் உரையாடலுக்குள் வந்துவிடும். இவ்வளவையும் எழுதிய பிறகும், வெளிவந்த ஒலியை ஒருவர் தாளோடு ஒப்பிட்டுக் கேட்டாக வேண்டும். கட்டளையை இயந்திரம் எப்போதும் முழுமையாகப் பின்பற்றும் என்ற உறுதி கிடையாது.

புனேயில் கற்ற பாடம்

இந்திய வானொலி எழுபது ஆண்டுகளுக்கு முன் நடத்திய சோதனை ஒன்று இங்கே நமக்குத் துணை செய்யும். 1956-ல் யுனெஸ்கோ உதவியுடன் புனே வட்டாரத்தில் சுமார் 150 சிற்றூர்களில் வானொலிக் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, பத்து வாரங்களுக்கு இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஒவ்வொரு ஊரிலும் மன்றத்தினர் கூடிக் கேட்டார்கள். வானொலியை நிறுத்தியபின் தங்களுக்குள் விவாதித்தார்கள். தீராத ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினார்கள். பின்வந்த நிகழ்ச்சிகளில் அவற்றுக்கு விடை வந்தது.

பால் நியூராத் என்ற சமூகவியல் அறிஞர் இதன் பயனை அளந்தார். மன்றம் அமைந்த ஊர்களையும், வானொலி இருந்தும் மன்றம் அமையாத ஊர்களையும் ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி சொற்பமே. இரு சாரார் கேட்டதும் ஒரே நிகழ்ச்சிகளைத்தான். வேறுபாட்டை உண்டாக்கியது, கேட்டபின் கேட்டவர்களுக்குள் நடந்த பேச்சு.

இன்றைய கருவி அந்தப் பேச்சை ஒலிப்பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டது போன்ற ஒரு தோற்றத்தைத் தருகிறது. உள்ளே இருவர் கேள்வி கேட்டு, விடை பெற்று, தெளிவடைந்துவிடுகிறார்கள். நமக்கும் தெளிவு பிறந்துவிட்டதாக எண்ணி எழுந்து போகிறோம். இத்தகைய உரையாடலின் மேல் நாம் சொல்லக் கூடிய மிகப் பெரிய குற்றச்சாட்டு இதுதான்: நாம் செய்ய வேண்டிய விவாதத்தை நமக்குப் பதிலாக அது நடித்துக் காட்டிவிடுகிறது.

இதற்கு மாற்றும் புனேயிலேயே இருக்கிறது. குன்னூர்ப் பக்கத்திலோ மஞ்சூர்ப் பக்கத்திலோ சிறு தேயிலை விவசாயிகள் சங்கம் ஒன்று, புதிய துண்டறிக்கையை இந்த இரு குரல்களில் ஒலிக்க வைத்துக் கூட்டாகக் கேட்கட்டும். துண்டறிக்கையின் ஒரு படி யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும். குரல்கள் விட்டுவிட்டதை அவர் படித்துக் காட்டட்டும். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுத் தமிழிலோ படுகிலோ பேசட்டும். தீராத கேள்விகளை எழுதி, ஆய்வு நிலையத்துக்கும் வானொலி நிலையத்துக்கும் அனுப்பட்டும். அங்கிருந்து வரும் விடைக்குக் கீழே ஒரு மனிதரின் கையெழுத்து இருக்கும். தவறு நேர்ந்தால் அவரிடம் போய்க் கேட்கலாம்.